தண்ணியில்லாக் காட்டு டாக்டர்

டாக்டர் எந்த ஊரில் படித்தார் என்று நோயாளி கேட்பதில்லை. வலியோடு வந்தவனுக்கு வலி தீர்ந்தால் போதும். சர்க்கார் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். எங்கே படித்தாய், எத்தனை மாதம் படித்தாய், யார் முத்திரை குத்தினார்கள், இந்த நாட்டில் தங்க உனக்கு என்ன உரிமை என்று வரிசையாகக் கேட்கும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நோயாளியின் நம்பிக்கைக்கு யாராவது ஒருவர் காவல் நிற்கத்தானே வேண்டும்? ஆனால் இரண்டு நியாயங்கள் ஒன்றோடொன்று முட்டிக் கொள்கிற இடத்தில் நடுவே ஒரு மனிதப் பிராணி அகப்பட்டுக் கொள்கிறது. கதை எழுதுகிறவனுடைய கண் அங்கேதான் போகும். என் கண்ணும் போயிற்று.

எங்கள் பக்கத்தில் ஒரு வசை உண்டு. மேலதிகாரிக்குக் கோபம் வந்தால், "உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றி விடுவேன்" என்பார். அந்தக் காடு எது என்று யாரும் விளக்க மாட்டார்கள். விளக்கவும் வேண்டியதில்லை. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உட்கார்ந்து கொண்டு இந்த வார்த்தையைச் சொன்னால், கேட்பவன் மனத்தில் வரும் படம் இராமநாதபுரம் சீமைதான். கருவேலம் புதர், கண்மாயின் வெடித்த களிமண், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அதன் நிழலிலேயே குந்தியிருக்கும் பெண்கள். தாசில்தார், வாத்தியார், போலீஸ்காரர், டாக்டர் என்று எல்லா உத்தியோகஸ்தர்களுக்கும் இது தண்டனை ஊர். தண்டனையாக வந்தவன் ஊரை எப்படிப் பார்ப்பான்? ஜெயிலில் இருப்பவன் காலண்டரைப் பார்ப்பது போலப் பார்ப்பான்.

இந்தச் சீமையின் கடைக்கோடிதான் இராமேசுவரம் தீவு. 1914ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. மோட்டார் போகும் பாலம் 1988 அக்டோபரில்தான் வந்தது. இடையில் எழுபத்து நாலு வருஷம் தீவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டால் ரயில் வரவேண்டும், இல்லையானால் படகு கிடைக்க வேண்டும். 1964 டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடியும் போயிற்று. பாம்பன் பாலமும் சிதைந்தது. இன்றைக்கு 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. இராமேசுவரத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரி உண்டு. இராமநாதபுரத்தில் 2022 ஜனவரியிலிருந்து மருத்துவக் கல்லூரியே உண்டு. கூப்பிட்டால் 108 வண்டி வருகிறது. இதையெல்லாம் மறைத்துவிட்டு ஒப்பாரி வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் இந்த ஜில்லாவை இந்திய சர்க்கார் 2018ல் தேசத்தின் பின்தங்கிய ஜில்லாக்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறியவை இரண்டே இரண்டு. ஒன்று விருதுநகர், மற்றது இது. கட்டிடம் எழும்புவது ஒரு விஷயம். அதற்குள் டாக்டர் தங்குவது வேறு விஷயம்.

நான் ஒரு நாவலுக்காக அந்தக் கரையில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசை. விரல்களில் துணியைச் சுற்றிக் கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக் கொண்டு, மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரத்தில் மூச்சை அடக்கி முங்கி முங்கி எழுகிறவர்கள் அவர்கள். பாறை கீறாத கை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

ஒரு நாள் பிற்பகல், ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாளை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். கணுக்காலில் திருக்கை முள் குத்தியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. வாயில் முந்தானையைக் கடித்துக் கொண்டிருந்தாள். ஆட்டோவுக்கு ஆள் ஓடியது. அதற்குள் ஒரு கிழவி, "அந்தப் புள்ளையக் கூப்பிடுங்கடா!" என்று கத்தினாள்.

அந்தப் பிள்ளை வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். அதே தெருவின் பெண். அப்பா நாட்டுப் படகில் போகிறவர். வந்தவள் பதறவில்லை. வெந்நீர் கொண்டு வரச் சொன்னாள். கொதிக்கிற நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து, முதலில் தன் முழங்கையை வைத்துப் பார்த்து, பொறுக்கும் சூடு வந்ததும் அந்த அம்மாளின் காலை அதற்குள் இறக்கினாள். திருக்கையின் விஷம் சூட்டுக்கு அடங்கும், வலி தணியும். காயத்தைக் குனிந்து பார்த்தாள். முள்ளின் துண்டு உள்ளே நிற்கிறதா என்று சந்தேகம் வந்தது போலும், தோண்டிப் பார்க்கவில்லை.

"ஒரு ஊசி போடு தாயி, துடிக்கிறா பாரு" என்றாள் கிழவி.

"நான் போடக் கூடாது ஆச்சி. ஆஸ்பத்திரியிலதான் போடணும்."

"ஆறு வருஷம் எதுக்குத்தாண்டி படிச்சே?"

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. ஆட்டோ வந்ததும், "பெரியம்மா, உள்ளே முள்ளு இருக்கலாம், படம் எடுத்துப் பாருங்கன்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க. டிடி ஊசியும் கேளுங்க" என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி, அந்த அம்மாளைத் திருப்பிச் சொல்ல வைத்து அனுப்பினாள். சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எழுதினால் கையெழுத்துக் கேட்பார்கள் அல்லவா?

பிறகு அவளோடு பேசினேன். பிளஸ் டூவில் நல்ல மார்க். நீட் பரீட்சையில் சர்க்கார் கல்லூரிக்கு எட்டவில்லை. இங்கே தனியார் கல்லூரியில் கேட்ட பணத்தை அவர்கள் தெருவே சேர்ந்தாலும் புரட்ட முடியாது. உக்ரைனில் அதைவிடக் குறைவு என்றார்கள். அப்பா படகிலிருந்த பங்கை விற்றார்; வீட்டை அடகு வைத்தார். போய்ச் சேர்ந்து நாலாவது வருஷத்தில் போர். 2022 பிப்ரவரி, மார்ச்சில் அங்கிருந்து ஏறக்குறைய 18,000 இந்திய மாணவர்கள் ஓடி வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. எஞ்சிய படிப்பை வேறொரு நாட்டில் முடித்துக் கொண்டு, கையில் டாக்டர் பட்டத்தோடு ஊர் வந்தாள்.

ஆனால் அவள் டாக்டர் இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் இந்தியர்களுக்கு 2002ல் இருந்து ஒரு தகுதிப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கும். 300 கேள்விகள், 150 சரியாக வேண்டும். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. தேறினாலும் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. அதற்கப்புறம்தான் பெயர் பதிவாகும்.

"ரெண்டு தடவை எழுதினேன் சார். முதல்ல 128. அடுத்தது 141."

"இன்னும் ஒன்பது மார்க்தானே!"

"ஆமா சார், ஒன்பதுதான். கோச்சிங்குக்குச் சென்னை போகணும். இங்கே பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்து அதுக்குச் சேர்த்துக்கிட்டிருக்கேன்."

அவள் பரீட்சையைத் திட்டவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "பரீட்சை வேணும் சார். என் கூடப் படிச்சவங்களில் சிலர்கிட்ட எங்க அம்மாவை நானே காட்ட மாட்டேன்" என்றாள். இந்த நேர்மைதான் என்னை அதிகம் சங்கடப்படுத்தியது. தன்னை வெளியே நிறுத்தியிருக்கும் கதவை அது சரியான கதவுதான் என்று சொல்கிறவளுக்கு என்ன ஆறுதல் சொல்வது?

இதே சமயத்தில் எனக்கு இன்னொரு டாக்டரின் ஞாபகமும் வந்து கொண்டிருந்தது. பரமக்குடிப் பக்கத்தில் என் சிநேகிதர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவருடைய மகன் நம் சர்க்கார் கல்லூரியில் கிட்டத்தட்ட இனாமாகப் படித்து, அமெரிக்கா போய் மேற்பயிற்சி பெற்று, இப்போது வடக்கு டகோட்டா மாகாணத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறான். மாரிக்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி போகுமாம். சுற்றிலும் கோதுமை வயல். ஊரில் அவனையும் சேர்த்து டாக்டர்கள் மூன்று பேர். "அங்கேயுள்ள கிழவர்கள் என் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டில் சுட்ட ரொட்டியைக் கொண்டு வந்து கொடுக்கிறார்களாம்" என்று சிநேகிதர் பெருமையாகச் சொல்வார். சொல்லிவிட்டுத் தம் நெஞ்சு வலிக்கு மதுரைக்குப் பஸ் ஏறுவார்.

அவன் ஏன் அந்தப் பனிக்காட்டுக்குப் போனான்? அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. அதைத்தான் நான் சொல்ல வந்தேன். அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற விசாவில் பயிற்சிக்குப் போகும் அயல்நாட்டு டாக்டர், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் தன் தேசத்துக்குத் திரும்பிப் போயாக வேண்டும். அவன் கற்றது அவனுடைய தேசத்துக்குப் பயன்பட வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்துத்தான். ஆனால் 1994ல், வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட் என்பவர் ஒரு விலக்குக்கு வழி செய்தார். டாக்டர் கிடைக்காத ஊர் என்று சர்க்கார் குறித்த இடத்தில் மூன்று வருஷம் வேலை செய்தால், அவன் திரும்பிப் போக வேண்டாம். ஒவ்வொரு மாகாணத்துக்கும் வருஷத்துக்கு 20 பேர் என்று ஆரம்பித்து, 2002ல் அதை 30 ஆக்கினார்கள். 3,500 ஜனங்களுக்கு ஒரு வைத்தியர்கூட இல்லையென்றால் அதைப் பற்றாக்குறைப் பிரதேசம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இதில் எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! அவர்களுக்கும் தண்ணியில்லாக் காடு இருக்கிறது. அவர்களுடைய சொந்த டாக்டர்களும் அங்கே போக மாட்டேன் என்கிறார்கள். நாம் அந்தக் காட்டைத் தண்டனையாக வைத்தோம். அவர்கள் அதையே தேசத்துக்குள் நுழையும் வாசலாக வைத்து விட்டார்கள். "அந்தக் காட்டில் மூன்று வருஷம் இரு, பிறகு இங்கே தங்கலாம்" என்றால், உலகத்தின் மறு கோடியிலிருந்து மனிதன் வருகிறான். வந்தவன் சங்கிலியை எண்ணிக்கொண்டு உட்காரவில்லை. ரொட்டி கொண்டு வரும் கிழவரின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறான்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் சரியான சாட்சி ஆக மாட்டேன். மூன்று வருஷமும் அவன் ஒப்பந்தம் செய்த ஆஸ்பத்திரியோடு கட்டுண்டவன். சண்டை பிடித்துக் கொண்டு வெளியேறுவது எளிதல்ல. அதற்கப்புறம் நிரந்தரமாகத் தங்கும் அட்டைக்கு வரிசை. எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை என்று அவர்கள் வரம்பு வைத்திருப்பதால், இந்தியாவில் பிறந்தவன் அந்த வரிசையில் தலை நரைக்க நிற்கிறான். 2025 செப்டம்பரில் வெளிநாட்டு நிபுணர்களுக்கான எச்-1பி விசாவின் புது விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அந்த நாட்டு ஜனாதிபதி உத்தரவு போட்டார். கிராமத்து ஆஸ்பத்திரி எப்படி இதைக் கட்டும் என்று அங்குள்ள மருத்துவ சங்கங்கள் முறையிட்டன. கை வேண்டும், அந்தக் கைக்குச் சொந்தக்காரன் வேண்டாம் என்கிற மனசு எல்லா தேசத்திலும் இருக்கிறது.

இங்கிலாந்தை எடுத்துக் கொள்ளுங்கள். 1948ல் தேசிய ஆரோக்கிய சேவை தொடங்கியது. வேல்ஸ் தேசத்து நிலக்கரிக் கிராமங்களுக்கும் வடக்கே ஆலைத் தொழிலாளர் தெருக்களுக்கும் போக வெள்ளை டாக்டர்கள் தயங்கியபோது, இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் போனவர்கள்தான் அந்த இடங்களில் உட்கார்ந்தார்கள். 1960 முதல் 1963 வரை ஆரோக்கிய மந்திரியாக இருந்தவர் ஈனாக் பவல். அவர் காலத்தில் ஆஸ்பத்திரிகள் இந்த டாக்டர்களைக் கொண்டுதான் நடந்தன. அதே பவல்தான் 1968ல் குடியேறுகிறவர்களுக்கு எதிராகப் பேசிப் பெயர் எடுத்தார். 1975ல் நம் பட்டங்களுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தையும் எடுத்து விட்டு, அவர்களும் பரீட்சை வைத்தார்கள். வேல்ஸ் கிராமம் ஒன்றில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1971ல் ஒரு கட்டுரை எழுதினார். எங்கே வைத்தியம் அதிகம் தேவையோ அங்கே அது குறைவாகக் கிடைக்கும் என்பது அவர் கண்ட விதி. நம் ஊர்க் கிழவிகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆனாலும் ஒரு டாக்டரே சொன்னதால் உலகம் கேட்டுக் கொண்டது.

நம்முடைய கரைக்கே திரும்பி வருகிறேன். கை வேண்டும், ஆள் வேண்டாம் என்பதற்கு மண்டபத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அங்கே இருக்கிற முகாமை இன்று இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்கிறோம். அந்த இடத்தின் பழைய உத்தியோகம் என்ன தெரியுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஜனங்களைத் தடுத்து நிறுத்தி, வைசூரியும் காலராவும் இருக்கிறதா என்று சோதித்துக் கப்பலேற்றுவதற்காக, இலங்கை சர்க்கார் நம் மண்ணில் நடத்திய முகாம் அது. உடம்பு சரியாயிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். மலைநாட்டைத் தோட்டமாக்கிய அதே ஜனங்களுக்கு 1948ல் ஒரு சட்டம் வந்து, நீங்கள் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை என்று சொல்லிற்று. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டுக் கொண்டார்கள். 1983க்குப் பிறகு வேறு ஜனங்கள், எதிர்த் திசையில், உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு அதே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பட்டதாரிகள் இருக்கிறார்கள், எஞ்சினீயர்கள் இருக்கிறார்கள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் குடியுரிமைச் சான்று குறுக்கே வந்து நிற்கிறது. இங்கேயே பிறந்து, இந்தத் தண்ணீரையே குடித்து, இந்தத் தமிழையே பேசுகிற பிள்ளை! வேலை முடிந்ததும் எந்த நகரத்துக்கும் ஓடிப் போகாத பிள்ளை!

கதவைத் திறக்கவே முடியாதா என்றால், முடியும் என்று சர்க்காரே காட்டியிருக்கிறது. 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்புப் போட்டது. பாகிஸ்தானில் டாக்டர்களாக இருந்து, துன்பம் தாங்காமல் 2014 டிசம்பருக்குள் இங்கே வந்த சிறுபான்மையோர், விண்ணப்பம் கொடுத்து, அவர்களுக்கென்று வைக்கும் பரீட்சையில் தேறினால் இங்கே தொழில் செய்யலாம் என்றது. மிக நல்ல காரியம். நாடு விட்டு வந்த வைத்தியன் ஸ்டெதாஸ்கோப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு மருந்துக் கடையில் பொட்டலம் மடிப்பதைவிட வேறு அவமானம் உண்டா? அந்த அறிவிப்பில் படகில் வந்தவர்களைப் பற்றிய வரி மட்டும் இல்லை. ராஜஸ்தான் எல்லையில் திறந்த கதவுக்குத் தனுஷ்கோடியில் சாவி பொருந்தவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு பழைய கதை, இந்தப் பக்கத்துக்கு வழி சொல்லும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1847ல் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர், இருபத்தைந்து வயது இளைஞர், யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். மசாசூசெட்ஸ் மாகாணத்துக்காரர். மதப் பணிக்காக வந்தவர். மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்தார். விசா யார் கேட்டார்கள் அந்தக் காலத்தில்! ஆனால் அவர் தமக்குத் தாமே ஒரு பரீட்சை வைத்துக் கொண்டார். தமிழ் படித்தார். இங்கிலீஷில் வைத்தியம் கற்றுக் கொடுத்தால், கற்றவன் உத்தியோகம் தேடி வெளியூருக்குப் போய் விடுகிறான் என்று கண்டு கொண்டார். ஆகவே 1860களில் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்குப் புஸ்தகம் இல்லையே? அவரும் அவருடைய மாணாக்கர்களும் சேர்ந்து எழுதினார்கள். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' என்று பெரிய பெரிய நூல்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கி விட்டு, 1873ல் தாய்நாடு திரும்பினார். 1884ல் காலமானார். வூஸ்டர் நகரத்தில் அவருடைய கல்லறைக் கல்லில் தமிழர்களுடைய பெயர் இருக்கிறது. தாம் தமிழருக்காக உழைத்தவர் என்று பொறிக்கச் சொல்லி விட்டுப் போனார்.

இந்த மனிதரின் கதையில் நான் வணங்குவது அவர் வந்ததையல்ல. வந்தவர் எத்தனையோ பேர். தாம் போன பிறகும் ஊரில் வைத்தியன் இருக்க வேண்டும், அவன் அந்த ஊர்ப் பாஷைக்காரனாக, அந்த ஊரை விட்டு ஓடாதவனாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாரே, அந்தக் கணக்கைத்தான் வணங்குகிறேன். இன்றைக்கு வைத்தியத்தைத் தமிழில் மட்டும் படி என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு பழசானாலும் விடை பழசாகவில்லை என்கிறேன்.

தமிழ்நாட்டில் அந்த விடையை ஒட்டிச் சில காரியங்கள் நடந்திருக்கின்றன. சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் நூற்றுக்கு ஏழரை இடம் என்று 2020ல் சட்டம் வந்தது. சர்க்கார் சேவையில் இருக்கும் டாக்டர்களுக்கு மேல்படிப்பில் இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று அதே வருஷம் ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிற்று. எட்டாத கிராமங்களில் சேவை செய்தவர்களுக்கு மேல்படிப்புக்குக் கூடுதல் மதிப்பெண் என்ற முறையும் இருந்து வந்திருக்கிறது. இதெல்லாம் கான்ராட் செய்ததன் ஒன்றுவிட்ட தம்பிகள்தான்: காட்டில் இரு, கதவு திறக்கும்.

அப்படியிருக்க, என்னுடைய கடல்புரத்துப் பெண்ணுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு பேரம் இல்லை? பரீட்சையை எடுத்து விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மீனவன் உடம்பு மட்டமான வைத்தியத்துக்குப் போதும் என்று சொல்ல நான் யார்? மட்டமான டாக்டரைப் பட்டணத்தில் நிறுத்தக் கூடாது என்றால் பாம்பனிலும் நிறுத்தக் கூடாது. பரீட்சை அப்படியே இருக்கட்டும். ஆனால் பரீட்சைக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் ஒரு பலகை போடலாமே? இந்த ஜில்லாவின் மருத்துவக் கல்லூரியிலேயே அவளைப் போன்றவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைக்கலாம். தேர்ந்த டாக்டரின் மேற்பார்வையில், மருந்து எழுதும் அதிகாரம் இல்லாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவிக்கு வைத்துச் சம்பளம் கொடுக்கலாம். தேறியதும் இதே கரையில் மூன்று வருஷம் இருப்பேன் என்று எழுதி வாங்கலாம். அவளிடம் எழுதி வாங்கக்கூட வேண்டாம். அவளுக்குப் போக வேறு ஊர் இல்லை.

அந்த மூன்று வருஷம் அவள் தங்க ஒரு வீடு வேண்டும். ராத்திரி டியூட்டிக்குத் துணையாக இன்னோர் ஆள் வேண்டும். குழாயில் தண்ணீர் வேண்டும். டாக்டர்கள் பட்டணத்தை விரும்புவதற்குப் பணம் ஒன்றுதான் காரணம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒண்டியாக, மருந்து போதாமல், கோபக்காரக் கூட்டத்துக்கு நடுவில், உதவிக்கு ஆளில்லாமல் ஒரு பிரசவத்தைப் பார்த்த இளம் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ராத்திரிதான் அவரைப் பட்டணத்துக்குத் துரத்தியது என்பார். வடக்கு டகோட்டாவில் என் சிநேகிதர் மகன் தங்கியிருப்பது விசாவினால் மட்டுமல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு அவன் போன் செய்தால் மறுமுனையில் ஒரு நிபுணர் எடுக்கிறார் என்பதனாலும்தான்.

அவனை நான் குறை சொல்லவில்லை என்பதையும் சொல்லி விடுகிறேன். எங்கோ ஒரு கோதுமை வயல் கிழவருக்கு உயிர் கொடுப்பவன் மனித ஜாதிக்கு வெளியே போய்விடவில்லை. அவனுடைய அப்பாவும் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக் கொண்டே சொன்னார்: "அவங்க ஊருக்கு டாக்டர் வரணும்னு சட்டம் போட ஒரு செனட்டர் இருந்தார். நமக்கு அப்படி ஒருத்தர் இல்லாமப் போயிட்டாரே!"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று தெரியும். சட்டம் போடுகிறவர்கள் தாமாக எதையும் நினைத்துக் கொள்வதில்லை. ஜனங்கள் நினைவூட்ட வேண்டும். வடக்கு டகோட்டாவின் விவசாயிகள் தங்கள் ஊரில் டாக்டர் இல்லாததை விதி என்று விட்டுவிடவில்லை. நாம் நம் ஊரைத் தண்ணியில்லாக் காடு என்று நாமே சொல்லிச் சொல்லி, அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்பதை ஒரு நியாயமாகவே ஏற்றுக் கொண்டு விட்டோம். முதலில் அந்த வசையை நிறுத்த வேண்டும். மீன் பிடித்து, பாசி எடுத்து, கருப்பட்டி காய்ச்சி, உப்பு வாரிப் பிழைக்கிற லட்சக்கணக்கான ஜனங்களின் சொந்த ஊர் அது. அவர்களுக்கு வைத்தியம் செய்யப் போவது தண்டனை என்று ஒரு சர்க்கார் அதிகாரி வாய் தவறியும் சொல்லக் கூடாது.

அடுத்த பரீட்சைக்கு அந்தப் பெண் பணம் கட்டி விட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஒன்பது மார்க். முந்நூறில் ஒன்பது என்பது சிறிய தொகைதான். ஆனால் பாம்பன் கால்வாயும் அகலத்தில் பெரிதல்லவே. அதன்மேல் பாலம் போட நமக்கு எத்தனை காலம் பிடித்தது!